பேசிய சம்பளமும் கையில் விழுந்த சம்பளமும்

ராமநாதபுரம் கடற்கரையில் வேலையே இல்லை என்று சொல்வது பாதி உண்மைதான். ராமேசுவரத்தில் படகேற ஆள் கிடைக்காமல் விசைப்படகுக்காரர்கள் திண்டாடும் நாட்கள் உண்டு. கீழக்கரையிலும் ஏர்வாடியிலும் தேவிபட்டினத்திலும் "விசா வந்திருக்கு, ஆள் இருந்தா சொல்லுங்க" என்று வீட்டு வாசலில் வந்து நிற்பவர்கள் உண்டு. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளுக்கு ஆள் சேர்க்கும் ஒப்பந்தக்காரர்கள் ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் வாசல் வரை வருகிறார்கள். வேலை கண்ணுக்குத் தெரிகிறது. அப்படியிருந்தும் இருபத்தைந்து வயதுக்குள் நான்கு வேலை மாறி, நான்கிலும் சலித்து, ஊர் திரும்பி உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள்.

அவர்களை "உழைக்க வணங்காதவர்கள்" என்று பெரியவர்கள் சொல்லிவிடுகிறார்கள். அது அநியாயம். சலிப்புக்குக் காரணம் பெரும்பாலும் கணக்கு. பேசும்போது ஒரு தொகை, கையில் விழும்போது வேறொரு தொகை. நடுவில் கழிந்த பணம் எங்கே போனது என்று எழுத்தில் கேட்கவும் முடிவதில்லை. இந்தக் கரையில் அந்தப் பணம் எந்தெந்த இடத்தில் கழிகிறது என்பதை வேலை வேலையாகப் பிரித்துப் பார்க்கலாம்.

படகில்: பங்கு என்பது கூலி அல்ல

விசைப்படகில் மாதச் சம்பளம் கிடையாது, பங்குதான். மீனை ஏலம் விட்டு வந்த தொகையில் முதலில் தரகு போகும். பிறகு டீசல், ஐஸ், சாப்பாட்டுச் சாமான். மிஞ்சியதில் படகுக்கும் வலைக்கும் ஒரு பங்கு, ஆட்களுக்கு ஒரு பங்கு. விகிதம் ஊருக்கு ஊர், படகுக்குப் படகு மாறும். இதைப் புரிந்துகொள்ள ஒரு மாதிரிக் கணக்கு போட்டுப் பார்ப்போம்.

ஒரு நடையில், அதாவது கடலுக்கு ஒருமுறை போய்வந்ததில், 90,000 ரூபாய்க்கு மீன் விற்றது என்று வைத்துக்கொள்ளுங்கள். தரகு நூற்றுக்கு ஐந்து, 4,500. டீசல் 35,000, ஐஸ் 3,000, சாமான் 4,000. செலவு மொத்தம் 46,500. மிச்சம் 43,500. படகுக்கு நூற்றுக்கு அறுபது, ஆட்களுக்கு நாற்பது என்றால் ஆட்கள் பக்கம் 17,400. டிரைவருக்கு இரண்டு பங்கு, நான்கு பேருக்கு ஆளுக்கொரு பங்கு, ஆக ஆறு பங்கு. ஒரு பங்கு 2,900 ரூபாய். ஒன்றரை நாள் உழைப்புக்கு நல்ல காசுதான்.

அடுத்த நடையில் பாடு, அதாவது பிடிபட்ட மீன், பாதியாகி 45,000 ரூபாய்க்கு விற்றது. தரகு 2,250. டீசலும் ஐஸும் சாமானும் அதே 42,000. மிச்சம் 750. ஆட்கள் பக்கம் 300. ஆறு பங்கில் ஒரு பங்கு 50 ரூபாய்.

மீன் பாதியாகக் குறைந்தது, கூலியோ ஏறக்குறைய அறுபதில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. பங்கு முறையின் சூட்சுமம் இதுதான். மீன் குறைந்தாலும் டீசல் குறையாது, அந்தச் சுமை முழுவதும் பங்கில் வந்து விழுகிறது. டீசல் விலை ஏறினாலும், ஏற்றுமதிக் கம்பெனிகளின் ஏஜெண்டுகள் இறால் விலையையும் கணவாய் விலையையும் இறக்கினாலும், அதை முதலில் தாங்குவது படகில் மடி என்னும் வலையை இழுக்கும் ஆள்தான். நடை நட்டமானால் அந்த நட்டத்தை அடுத்த நடைக் கணக்கில் ஏற்றும் படகுகளும் உண்டு. நியாயமான முதலாளிகள் நட்ட நடையிலும் ஆளுக்கு ஒரு பேட்டா (கைச்செலவுப் படி) தருகிறார்கள். படகேறும் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டிய முதல் கேள்வி அந்தப் பேட்டா எவ்வளவு என்பது. இரண்டாவது கேள்வி, சங்காயம் எனப்படும் கழிவு மீன் விற்ற காசு பொதுக் கணக்கில் சேருமா, தனியாகப் போகுமா என்பது. பல தகராறுகள் அந்தச் சங்காயத்தில்தான் தொடங்குகின்றன.

இனி நாட்களை எண்ணுங்கள். பாக் நீரிணைப் பக்கம் விசைப்படகுக்கு வாரம் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்பது ஏற்பாடு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். மீதி 304 நாளில் வாரம் மூன்று என்றால் ஆண்டுக்கு அதிகபட்சம் 130 நடை. அதிலும் புயல் எச்சரிக்கைக்கு, கடலுக்குப் போக அனுமதிக்கும் டோக்கனை நிறுத்துவார்கள். இலங்கைக் கடற்படை படகைப் பிடித்தால் துறைமுகம் வேலைநிறுத்தத்தில் இறங்கும். நூறு நடை ஓடினாலே நல்ல வருஷம்.

தடைக்கால நிவாரணம் குடும்பத்துக்கு 5,000 ரூபாயாக இருந்தது. அதை 8,000 ஆக உயர்த்தும் அறிவிப்பு 2023 ஆகஸ்டில் மண்டபம் ஊரில் நடந்த மீனவர் மாநாட்டில் வந்தது. 61 நாளுக்கு வகுத்தால் நாளொன்றுக்கு 131 ரூபாய். அதுவும் மீனவர் கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினராக இருந்து, ஆவணம் சரியாக இருந்தால்தான். வெளியிலிருந்து வந்து கூலிக்கு ஏறுகிறவர் பெரும்பாலும் இந்தப் பட்டியலில் இருப்பதில்லை. அவர் தடைக்காலத்தில் முதலாளியிடம் முன்பணம் வாங்குகிறார். முன்பணம் வாங்கியவர் படகு மாற வேண்டுமானால் கடனை அடைக்க வேண்டும், அல்லது புது முதலாளி அடைத்துக் கூட்டிக்கொள்ள வேண்டும். ஆள் எங்கே போனாலும் கடனும் கூடவே போகிறது. சம்பளம் சரியில்லை என்று வாய் திறக்க முடியாததற்கு இந்த முன்பணம்தான் காரணம்.

சிறைபிடிப்பு இன்னொரு பயம். இலங்கை 2017இல் கடலடியை வாரும் இழுவைமடி வலையைத் தடை செய்தது, 2018இல் வெளிநாட்டுப் படகுகளுக்கான அபராதத்தைப் பல மடங்கு உயர்த்தியது. சமீப ஆண்டுகளில் படகை ஓட்டியவருக்கும் மறுபடி பிடிபட்டவருக்கும் சிறைத்தண்டனையும் விதிக்கிறார்கள். படகு போனால் முதலாளிக்கு மூலதனம் போகிறது, அது பெரிய இழப்புதான். சிறைக்குள் இருப்பவரின் வீட்டிலோ அரிசி வாங்க வழி போகிறது. எந்தத் திசையில் ஓட்டுவது என்பதைப் பெரும்பாலும் அவர் தீர்மானிப்பதில்லை.

மீனவர்களுக்கான குழு விபத்துக் காப்பீட்டில் இறப்புக்கும் முழு ஊனத்துக்கும் 5 லட்சம், பகுதி ஊனத்துக்கு 2.5 லட்சம் உண்டு. பிரீமியத்தை அரசு கட்டுகிறது. பெயர் சேர்ந்திருக்கிறதா என்று மீன்வளத்துறை அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கேட்காமல் விட்டவர்களின் வீடுகளில்தான் பின்னால் அழுகை.

பாசியில்: தராசுக்கு முன்னால்

பாம்பன், மண்டபம் பக்கம் பெண்கள் செய்யும் கடற்பாசி வேலையைப் பற்றி யாரும் "வேலைவாய்ப்பு" என்ற சொல்லோடு பேசுவதில்லை. விரலில் துணி சுற்றி, முகக்கண்ணாடி மாட்டி, காலில் தகட்டைக் கட்டிக்கொண்டு மூழ்கி மரிக்கொழுந்து, கட்டக்கோரை என்ற பாசி வகைகளைப் பறிக்கிறார்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா. அதனால் தலைமுறையாகப் போன இடத்துக்கே அஞ்சி அஞ்சிப் போக வேண்டிய நிலை. பாசி அழியக் கூடாது என்று மாதத்தில் 12 நாள் மட்டும் கடலுக்குப் போவது என அவர்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்டவர்கள். சட்டம் சொல்லி வந்த கட்டுப்பாடு அல்ல அது.

வளர்ப்புப் பாசியில் கணக்கு இப்படி: 12 அடிக்கு 12 அடி மூங்கில் மிதவை. அதில் 60 கிலோ விதைப்பாசி கட்டினால் 45 நாளில் 260 கிலோ அளவுக்கு வளரும். அதில் 60 கிலோவை மறுபடி விதைக்கு எடுத்துவிட்டால் 200 கிலோ மிச்சம். காய்ந்தால் பத்தில் ஒரு பங்கு, 20 கிலோ. கிலோ 70 ரூபாய் என்று வைத்தால் மிதவைக்கு 1,400 ரூபாய். நாளுக்கு ஒரு மிதவை அறுக்க வேண்டுமானால் ஒருவருக்கு 45 மிதவை வேண்டும். கேட்கும்போது நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வெயில் ஏறித் தண்ணீர் சூடானால் பாசி வெளுத்து முறிந்து விழும். ஓரா மீன் கூட்டமாக வந்து மேய்ந்துவிடும். வடகிழக்குப் பருவக்காற்றில் மிதவை கட்டவே முடியாது. இதையெல்லாம் தாண்டிக் கரை சேர்த்துக் காயவைத்த பிறகு, வியாபாரி மண்ணுக்கும் ஈரத்துக்கும் என்று எடையில் கழிப்பார். அந்தக் கழிவுக்கு அளவுகோல் எதுவும் கிடையாது, அவர் சொன்னதே கணக்கு. மாவட்டத்தின் வளமாவூரில் 127 கோடி ரூபாய்க்கும் மேல் கடற்பாசிப் பூங்காத் திட்டம் அறிவித்திருக்கிறார்கள். அது நல்லது. அதற்கு முன்பே செய்யக்கூடியது, ஈரப்பதம் பார்க்கும் கருவி ஒன்றைக் கொள்முதல் இடத்தில் எல்லோரும் பார்க்கும்படி வைப்பது.

வளைகுடாவுக்கு: ஒப்பந்தத்தில் 'அடிப்படை' என்ற ஒரு வரி

இந்தக் கரையின் வீடுகளில் பாதி வளைகுடாப் பணத்தில் எழுந்தவை. போய்ச் சம்பாதித்து வந்தவர்கள் கண் முன்னால் இருப்பதால்தான் அடுத்தவர் துணிந்து போகிறார். அந்தத் துணிவு தவறல்ல. தவறு நடப்பது கிளம்புவதற்கு முந்தைய இரண்டு மாதத்தில்.

முதலில் பாஸ்போர்ட். பத்தாம் வகுப்புத் தேறாதவருக்கு இ.சி.ஆர். (குடியேற்ற அனுமதி தேவை) என்ற முத்திரையோடு வரும். அவர் சவுதி, அமீரகம், கத்தார், குவைத், ஓமன், பஹ்ரைன், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக 1983ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டப்படி அனுமதி வாங்க வேண்டும். அந்த அனுமதி வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் இணையதளம் வழியாக, பதிவு பெற்ற ஏஜெண்டு மூலமோ முதலாளி மூலமோ நடக்கும். ஏஜெண்டின் பதிவு எண்ணை அதே தளத்தில் போட்டால் உரிமம் நடப்பில் இருக்கிறதா என்று தெரியும். ஊரில் நம்மோடு பேசுகிறவர் பெரும்பாலும் அந்த ஏஜெண்டு கிடையாது, அவருக்கு ஆள் பிடித்துத் தருபவர். துணை ஏஜெண்டு வைத்துக்கொள்ளச் சட்டத்தில் இடமே இல்லை. மச்சான், மாமா என்று உறவுமுறை சொல்லிப் பேசினாலும் உரிமம் உறவுமுறையில் வராது.

ஏஜெண்டு வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய், 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்து 35,400. வங்கி வழியாகக் கட்டி ரசீது வாங்க வேண்டும். ஆனால் நம் ஊரில் விசாவுக்கு ஒரு லட்சம், ஒன்றரை லட்சம் என்று கையில் கொடுப்பது சர்வசாதாரணம். ரசீது இல்லாததால் பிறகு புகார் கொடுத்தாலும் பணம் கொடுத்ததையே நிரூபிக்க முடியாது.

அந்தப் பணமும் கடன்தான். 1,20,000 ரூபாயை மூணு வட்டிக்கு வாங்கினால் மாதம் 3,600 ரூபாய் வட்டி. இரண்டு வருஷ ஒப்பந்தம் முடிவதற்குள் வட்டி மட்டும் 86,400. அசல் அப்படியே நிற்கும். 1,200 திர்ஹம் சம்பளத்துக்குப் போகிறார் என்று வைப்போம். ஒரு திர்ஹம் 23 ரூபாய் என்றால் 27,600 ரூபாய். சாப்பாடு சொந்தச் செலவென்றால் 350 திர்ஹம் போய்விடும். மிச்சம் 850, ரூபாயில் 19,550. அதில் வட்டி 3,600. வீட்டுக்கு எதுவும் அனுப்பாமல் மிச்சம் முழுவதையும் கட்டினாலும் முதல் ஏழு மாதம் கடன்காரருக்காக உழைத்துவிட்டு அதன் பிறகுதான் வீட்டுக்கு உழைக்கத் தொடங்குகிறார். முதல் ஆண்டிலேயே சண்டை போட்டு வேலையை விட முடியாததன் காரணமும் இதுவே.

இனி ஒப்பந்தத் தாளைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். 1,200 திர்ஹம் என்று வாயால் சொன்னது தாளில் இரண்டு மூன்றாகப் பிரிந்திருக்கும்: அடிப்படைச் சம்பளம் 700, உணவுப்படி 300, மற்றவை 200. கூட்டினால் 1,200 சரியாக வரும். அதனால் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். ஆனால் அமீரகத்தில் ஓவர்டைம் அடிப்படைச் சம்பளத்தின் மேல்தான். ஒரு மணி நேரத்துக்கு அடிப்படைக் கூலியும் அதில் கால் பங்கும் சேர்த்துக் கிடைக்கும். 700ஐ 30 நாளால், பிறகு 8 மணியால் வகுத்தால் 2.92, கால் பங்கு சேர்த்தால் 3.65 திர்ஹம். அடிப்படையே 1,200 ஆக இருந்தால் 6.25. நாளுக்கு இரண்டு மணி வீதம் 26 நாள் ஓவர்டைம் பார்த்தால் மாதம் 135 திர்ஹம் வித்தியாசம். வேலை முடிந்து வரும்போது தரும் பணிக்கொடையும் அப்படியே. முதல் ஐந்து ஆண்டுக்கு ஆண்டொன்றுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம் என்பது விதி. அடிப்படை 700 என்றால் இரண்டு ஆண்டுக்கு 980 திர்ஹம், 1,200 என்றால் 1,680. "மொத்தம் எவ்வளவு" என்று கேட்பதோடு நம்மவர்கள் நிறுத்திக்கொள்கிறார்கள். "பேசிக் எவ்வளவு" என்று கேட்டால் எதிரில் இருப்பவர் முகம் மாறும்.

கத்தாரில் 2021 மார்ச் முதல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,000 ரியால். முதலாளி சாப்பாடு தராவிட்டால் மேலும் 300, தங்குமிடம் தராவிட்டால் மேலும் 500. அதற்குக் குறைவான தாளைக் காட்டினால் அது செல்லாத தாள். அமீரகத்தில் ஆள் எடுக்கும் செலவைத் தொழிலாளியிடம் வாங்குவதற்குச் சட்டமே தடை போட்டிருக்கிறது. இங்கே கொடுத்த ஒன்றரை லட்சம் அங்கே சட்டவிரோதம். வேலை ஒப்புதல் தாளை அரபி, ஆங்கிலத்தோடு தொழிலாளிக்குத் தெரிந்த மொழியிலும் கேட்கலாம், தமிழும் அதில் உண்டு.

மோசமான பொறி விசிட் விசா. "இப்போ விசிட்ல போயிரு, அங்க போனதும் மாத்திரலாம்" என்பார்கள். விசிட் விசாவில் போனவருக்குக் குடியேற்ற அனுமதி கிடையாது. அனுமதி இல்லாவிட்டால் 10 லட்சம் ரூபாய்க்கான பிரவாசி பாரதிய பீமா காப்பீடும் கிடையாது. காலம் கடந்து தங்கினால் அமீரகத்தில் நாளுக்கு 50 திர்ஹம் அபராதம். இருபது நாளில் ஆயிரம் திர்ஹம். காப்பீட்டுப் பிரீமியமோ இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய், மூன்று ஆண்டுக்கு 375 ரூபாய். அந்தச் சின்னத் தொகை கட்டாமல் போனதால் உடலைக் கொண்டுவரவே ஊரில் வசூல் செய்த குடும்பங்கள் இருக்கின்றன.

ஈரான், பஹ்ரைன், சவுதிக் கடல்களுக்கு மீன்பிடிக்கப் போகிறவர்களுக்கு ஆபத்து இன்னும் கூடுதல். அங்கேயும் பங்குதான். கஃபீலின் (விசா கொடுத்து வேலைக்கு வைத்திருக்கும் முதலாளியின்) படகு, கஃபீலின் கணக்கு. கடல் எல்லை தாண்டினால் அந்த நாட்டுச் சிறை. 2020இல் கொரோனா நேரத்தில் ஈரானில் மாட்டிக்கொண்ட தமிழக மீனவர்களைக் கடற்படைக் கப்பல் ஐ.என்.எஸ். ஜலாஷ்வா தூத்துக்குடிக்குக் கொண்டுவந்து சேர்த்தது. அதுவரை பல மாதம் படகிலேயே கிடந்தவர்கள் அவர்கள்.

போகும் முன் சென்னையில் தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்திலும் விசாரிக்கலாம். 1978 முதல் இயங்குகிறது. அங்கே காலியிடங்கள் குறைவு, காத்திருப்பு அதிகம் என்ற குறை உண்மைதான். ஆனால் உங்கள் கையில் இருக்கும் தாளை ஒப்பிட்டுப் பார்க்க ஒரு நேர்மையான தாள் அங்கே கிடைக்கும்.

கம்பெனி வேலை: 18,000 எப்படி 10,862 ஆகிறது

வேலைக்கு ஆள் எடுக்கும் முகாமில் சொல்வது "சம்பளம் 18,000". தாளில் இருப்பது சி.டி.சி. 18,000, அதாவது உங்களுக்காகக் கம்பெனிக்கு ஆகும் மொத்தச் செலவு. இதில் அடிப்படையும் பஞ்சப்படியும் 12,000 என்று வைப்போம். முதலாளி கட்ட வேண்டிய பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) 12 சதவீதம், 1,440. அதன் நிர்வாகக் கட்டணமும் காப்பீடும் சேர்த்து ஒரு சதவீதம், 120. முதலாளியின் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) 3.25 சதவீதம், 518. இவை மூன்றும் 18,000க்குள்ளேயே அடங்கியிருக்கின்றன. கழித்தால் மொத்தச் சம்பளம் 15,922. இதிலிருந்து உங்கள் பங்கு பி.எஃப். 1,440, இ.எஸ்.ஐ. 0.75 சதவீதம் 120. மிச்சம் 14,362. விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் 3,500 பிடித்தால் 10,862.

இதில் மோசடி ஒன்றும் இல்லை. பி.எஃப். உங்கள் பணம்தான், இ.எஸ்.ஐ. ஆபத்துக்கு உதவும். ஆனால் 18,000 என்று நம்பி வீட்டில் கடன் தவணையை ஒத்துக்கொண்டு போன பிள்ளைக்கு 10,862 வந்தால் ஏமாற்றப்பட்டதாகத்தான் தோன்றும். மூன்றாம் மாதம் ஊர் திரும்புவதற்கு அதுவே போதும். முகாமில் கேட்க வேண்டிய கேள்வி "கையில் எவ்வளவு, விடுதி போக எவ்வளவு" என்பது. லீவு எடுத்தால் ஒரு நாளுக்கு எவ்வளவு கழிப்பார்கள், 26ஆல் வகுப்பார்களா 30ஆல் வகுப்பார்களா என்பதையும் கேளுங்கள். 15,922ஐ 26ஆல் வகுத்தால் 612, 30ஆல் வகுத்தால் 531.

நியமனத் தாளில் "அப்ரண்டிஸ்" என்று போட்டிருந்தால் அது வேலை இல்லை, பயிற்சி. பி.எஃப்., இ.எஸ்.ஐ. கிடையாது, உதவித்தொகைதான். ஓராண்டு முடிந்ததும் வெளியே அனுப்பிவிட்டு அடுத்த வரிசையை எடுப்பார்கள். தாளில் எந்தக் கம்பெனியின் பெயர் இருக்கிறது என்றும் பாருங்கள். வாசலில் ஒரு பெயர், சம்பளச் சீட்டில் இன்னொரு பெயர் என்றால் நீங்கள் ஒப்பந்தக்காரரின் ஆள்.

மதுரை, சென்னை ஜவுளிக்கடைகளுக்குப் போகும் பெண்பிள்ளைகளுக்கு ஒரு செய்தி. நாள் முழுக்க நின்றே வேலை பார்க்க வேண்டியதில்லை. ஊழியர்களுக்கு உட்கார இருக்கை வைக்க வேண்டும் என்று 2021இல் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் திருத்தம் வந்தது. பல கடைகளில் இருக்கை இருக்கிறது, உட்கார்ந்தால் சூப்பர்வைசர் முறைக்கிறார். தொழிலாளர் துறைக்குப் புகார் போனால் முறைப்பது நிற்கும்.

காத்திருப்பு

அரசு வேலைக்குப் படிப்பவர்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம், எல்லோருக்கும் தெரிந்த கதை. 2025 ஜூலை 12 அன்று நடந்த குரூப் 4 தேர்வுக்கு முதலில் அறிவித்த இடங்கள் 3,935, விண்ணப்பித்தவர்கள் 13 லட்சத்துக்கும் மேல். ஓர் இடத்துக்கு முந்நூறு பேருக்கு மேல். தமிழ்ப் பகுதியில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் மற்ற விடைகளைத் திருத்தவே மாட்டார்கள். நூலகத்தில் உட்கார்ந்து படிக்கும் பிள்ளைகளின் உழைப்பு மதிக்கத்தக்கது. இரண்டு முயற்சிக்கு மேல் போகும்போது பக்கத்தில் ஒரு கைத்தொழிலும் இருக்க வேண்டும் என்பது எங்கள் கருத்து.

வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். பதிந்து ஐந்து ஆண்டு ஆகியும் வேலை இல்லையென்றால் உதவித்தொகை உண்டு: பத்தாம் வகுப்புத் தவறியவருக்கு மாதம் 200, தேறியவருக்கு 300, பன்னிரண்டாம் வகுப்புக்கு 400, பட்டதாரிக்கு 600 ரூபாய். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 72,000க்குள் இருக்க வேண்டும். மூன்று ஆண்டுதான். ராமேசுவரத்திலிருந்து ஒரு நேர்காணலுக்குச் சென்னை போய்வர இந்த 600 போதுமா என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் அதன் மதிப்பு தெரியும். 2022 டிசம்பர் முதல் 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறக்கும் வரை தீவுக்குள் ரயிலே வரவில்லை. அந்த இரண்டு வருஷம் நேர்காணலுக்குப் போன ஒவ்வொருவரும் கூடுதலாக ஒரு பேருந்துச் செலவு செய்தார்கள்.

காத்திருப்பவர்களைத்தான் மோசடிக்காரர்கள் குறிவைக்கிறார்கள். வாட்ஸ்அப்பில் வரும் விளம்பரத்தில் கம்பெனிப் பெயர் இருக்காது, கைப்பேசி எண் மட்டும் இருக்கும். பதிவுக் கட்டணம், சீருடை, பயிற்சி, டெபாசிட் என்று எந்தப் பெயரில் கேட்டாலும் வேலை தருகிறவர் பணம் கேட்கிறார் என்றால் அங்கே வேலை இல்லை. டெலிகிராமில் வீடியோவுக்கு லைக் போடச் சொல்லி முதல் நாள் 150 ரூபாய் அனுப்புவார்கள். மூன்றாம் நாள் "பெரிய டாஸ்க்" என்று ஆயிரம் கட்டச் சொல்வார்கள். பிறகு பத்தாயிரம். போன பணத்துக்கு உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழைக்க வேண்டும். முதல் சில மணி நேரத்துக்குள் என்றால் பணத்தை வங்கியிலேயே முடக்க வாய்ப்பு உண்டு. தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி என்று கூட்டிப்போய் மியான்மர், கம்போடியா, லாவோஸ் மோசடிக் கூடாரங்களில் அடைப்பதைப் பற்றி வெளியுறவு அமைச்சகம் 2022 முதல் எச்சரித்து வருகிறது. இதையெல்லாம்விடப் பயங்கரமானது, "உன் வங்கிக் கணக்கை ஒரு மாசத்துக்குக் குடு, அஞ்சாயிரம் தர்றேன்" என்பது. அந்தக் கணக்கில் ஊரை ஏமாற்றிய பணம் ஓடும். வேறு மாநிலத்துப் போலீஸ் தேடி வரும்போது கணக்கில் பெயர் இருப்பவர்தான் குற்றவாளி.

தாள்

படகு, பாசி, விசா, கம்பெனி எல்லாவற்றிலும் தொழிலாளி தோற்பது எழுத்தில் ஒன்றும் இல்லாததால். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய ஊதியச் சட்டத்தொகுப்பில் மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் வர வேண்டும், வேலையை விட்டால் இரண்டு வேலை நாளுக்குள் பாக்கியைத் தர வேண்டும். பாக்கி கேட்டு மனுப்போட மூன்று ஆண்டு அவகாசம். ஆனால் மனுவோடு எதையாவது இணைக்க வேண்டுமே. சேர்ந்த நாளில் நியமனத் தாளைப் படம் எடுங்கள். தாள் தராவிட்டால் அடையாள அட்டையையும் வருகைப் பதிவையும் எடுங்கள். சம்பளம் கையில் தந்தால் அன்றைக்கே தேதி போட்டு, தந்தவருக்கு "அண்ணே, இன்னைக்கு ஏழாயிரம் வாங்கிக்கிட்டேன், பாக்கி நாலாயிரம்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்புங்கள். அவர் "சரிப்பா" என்று பதில் போட்டால் அதுவும் ஆதாரம்தான். படகில் ஒவ்வொரு நடைக்கும் விற்ற தொகை, டீசல், பங்கு மூன்றையும் ஒரு சின்ன நோட்டில் எழுதுங்கள்.

கடைசியாகப் பெயர். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, முன்னெழுத்துதான். மார்க்‌ஷீட்டில் எழுத்து முன்னால், ஆதாரில் பின்னால், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக. இந்த ஒரு எழுத்துக்காக பி.எஃப். பணம் ஆண்டுக்கணக்கில் முடங்குகிறது. பழைய கம்பெனி வேலையை விட்ட தேதியைப் பதியாவிட்டாலும் பணம் நிற்கும். கடைசியாகச் சந்தா கட்டி இரண்டு மாதம் கழிந்த பிறகு அந்தத் தேதியைத் தொழிலாளியே இணையத்தில் பதியலாம், கம்பெனி வாசலில் போய் நிற்க வேண்டியதில்லை. பெயர்த் திருத்தத்தை முதல் வேலைக்குப் போகும் முன்பே, ஆதார் மையத்தில் மார்க்‌ஷீட்டைக் காட்டி, எல்லாத் தாளிலும் ஒரே மாதிரி வரும்படி செய்துகொள்ளுங்கள்.